அத்தான் வாயில் வைக்காத பழம்

கொழும்பில் நான் ஒரு ஜாம் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஜாம் காய்ச்சுகிற வேலை அல்ல. புட்டிகளைப் பெட்டியில் அடுக்கி, எந்தப் பெட்டி எந்தக் கடைக்கு என்று சீட்டு ஒட்டி அனுப்புகிற குமாஸ்தா வேலை. ஆனால் தென்காசியில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் அக்கா தங்கத்துக்கு இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. தம்பி ஜாம் கம்பெனியில் இருக்கிறான், ஆகையால் தம்பிக்கு ஜாம் தெரியும். டிக்கெட் பரிசோதகரைக் கூப்பிட்டு என்ஜினை ஓட்டச் சொல்வது போலத்தான்.

ஆனி மாதம் ஊருக்குப் போய்த் திரும்பிய கீழப்பாவூர்க்காரர் ஒருவர் புறக்கோட்டைக் கடைத்தெருவில் என்னைத் தேடிப் பிடித்துச் சேதி சொன்னார்.

"ஒங்க அக்கா ஒடனே பொறப்பட்டு வரச் சொன்னாவ. வாசல்ல நிக்க நாவ மரத்த அத்தான் வெட்டப் போறாவளாம். நீரு வந்தா மரம் பொழச்சிக்கிடுமாம்."

நான் போனால் மரம் எப்படிப் பிழைக்கும் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஆனாலும் எனக்கு ஊர் சுற்ற ஒரு சாக்கு கிடைத்தால் போதும். அரை மணி சேர்ந்தாற்போல நாற்காலியில் உட்கார முடியாத உடம்பு இது. சர்ச்சுக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் வாசலில் என் செருப்பு பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு தரமாவது எழுந்து வருவேன். முதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் லீவு கொடுத்தார்.

கப்பலைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நான் தென்காசி ஸ்டேஷனில் இறங்கியதிலிருந்து தொடங்குகிறேன்.

இறங்கினதும் சாரல். கொழும்பில் மழை என்றால் கொட்டும், பிறகு விட்டுவிடும். இங்கே கொட்டுவதுமில்லை, விடுவதுமில்லை. கல்யாண வீட்டு வாசலில் நின்று பன்னீர் தெளிக்கிறவள் வீட்டுக்குப் போக மறந்துவிட்டது போல முகத்தில் தெளித்துக்கொண்டே இருக்கிறது. எனக்கு அது இரண்டு நிமிஷம் பிடித்தது. அப்புறம் எப்போது நிற்கும் என்று வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

குற்றாலம் போகிற சாலையில் மேலகரம் தாண்டி அத்தானின் தோட்ட வீடு. குதிரை வண்டி பேசி ஏறினேன். பாதி வழியில் குதிரை நின்றுவிட்டது. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "அண்ணாச்சி கொஞ்சம் எறங்கி நடங்க. மேக்க இருந்து காத்து அடிச்சா இவளுக்குக் கோவம் வந்திரும்" என்றார். இறங்கினேன். குதிரை உடனே நடந்தது. மறுபடி ஏறினேன். நின்றது. கடைசியில் என் டிரங்குப் பெட்டி வண்டியில் சொகுசாக வர, வண்டிக்காரரும் நானும் இரு பக்கமும் நடந்து வந்து சேர்ந்தோம். ஆனால் பேசின வாடகையில் அவர் ஒன்றும் குறைக்கவில்லை.

மரத்தைத் தூரத்திலேயே கண்டுகொண்டேன். வாசல் கதவை ஒட்டி, இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்கிற பருமன். அடியில் தரை முழுக்க ஊதா. ஏழெட்டுப் பெண்கள் ஓலைப்பெட்டிகளோடு குனிந்து பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு என் அக்கா. பேச்சும் சிரிப்புமாக ஒரே இரைச்சல். நான் ஒரு பழத்தை எடுத்துத் துடைத்து வாயில் போட்டேன். இனிப்பும் துவர்ப்புமாக நாக்கைப் பிடித்து இழுத்தது. இன்னும் நாலு போட்டேன்.

"மாப்ள, வாரும். வந்தவரு நாக்க நீட்டும்" என்று வீட்டு வாசலிலிருந்து அத்தானின் குரல் வந்தது.

அது அந்த வீட்டுச் சட்டம். அத்தானுக்கு வெள்ளை என்றால் உயிர். வேட்டி வெள்ளை, துண்டு வெள்ளை, வருஷம் தவறாமல் சுவருக்குச் சுண்ணாம்பு. நாவல்பழக் கறை பட்டால் எந்த வண்ணானும் எடுக்க முடியாது. ஆகையால் சாரல் காலம் முழுக்க, வீட்டுப் படி ஏறுகிறவர் யாரானாலும் முதலில் நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும். ஊதாவாக இருந்தால், தொட்டித் தண்ணீரில் கொப்பளித்துக் கையைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே. போன வருஷம் வரி வசூலிக்க வந்த மணியக்காரரையே நாக்கை நீட்டச் சொன்னாராம். கடல் தாண்டி வந்த மச்சினனுக்கு மட்டும் விலக்கு உண்டா? கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

சாப்பாட்டுக்கு எள்ளுத் துவையலும் உளுந்தஞ்சோறும். கொழும்பில் தேங்காய்ச் சம்பல் தின்று தின்று மறந்துபோயிருந்த ருசி. இலையிலிருந்து நிமிராமல் சாப்பிட்டேன். அத்தானே விஷயத்தை எடுத்தார்.

"கெணறு வெட்டுதேன் மாப்ள. அடியில மர வளையம் போடணும். நாவ மரம்னா தண்ணிக்குள்ள எத்தன காலம் கெடந்தாலும் மக்காது, தண்ணியும் தெளிஞ்சு ருசியா இருக்கும். வீட்டு வாசல்ல மரத்த வச்சுக்கிட்டு வெளிய போயி எதுக்கு வாங்கணும்? இந்த மரத்தால எனக்கு என்ன லாவம் சொல்லும். கறையும் குளவியும் கூப்பாடும். நான் பொறந்ததுலேருந்து இந்தப் பழத்துல ஒண்ணக்கூட வாயில வச்சது கெடயாது."

அக்கா கையில் கரண்டியோடு நின்றாள். "என் தம்பி வந்துட்டான்லா? நீங்க சொன்ன வார்த்தைய மாத்தப்படாது."

"மாத்த மாட்டேன். இந்தப் பழத்துல நானா விரும்பி வாயில வைக்க மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க. மரம் நிக்கட்டும். இல்லன்னா திங்கக்கெழம ஆசாரி வாரான், ரம்பத்தோட."

இப்போதுதான் என்னை வரவழைத்த காரணம் விளங்கியது. அத்தான் கை கழுவப் போனதும், "அக்கா, எனக்கு ஜாமும் தெரியாது ஒரு மண்ணும் தெரியாது. நான் புட்டி மேல சீட்டு ஒட்டுதவன்" என்றேன்.

"புட்டிய தெனமும் பாக்கேல்லா? அது போதும்" என்றாள் அக்கா. அவளிடம் பேசி ஜெயித்தவர் யார்?

மறுநாள் காலையிலேயே அடுப்பு மூட்டினோம். கம்பெனிச் சீட்டில் அச்சடித்திருப்பது எனக்கு மனப்பாடம்: தேர்ந்தெடுத்த பழம், சுத்தமான சீனி. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு அல்வாக் கிண்டுகிற பெரிய இரும்புச் சட்டியை அக்கா இறக்கினாள். பழத்தைப் பிசைந்து, கொட்டை எடுத்து, சீனி கொட்டிக் கிண்டினேன். முதலில் அழகான ஊதா நிறத்தில் கொதித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கொழும்புக்கே திரும்ப வேண்டாம், இங்கேயே ஒரு கம்பெனி போட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. கொஞ்ச நேரத்தில் அது கறுத்தது. பிறகு இன்னும் கறுத்தது. துவர்ப்புப் பழத்தை இரும்பில் காய்ச்சினால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

அத்தான் வந்து எட்டிப் பார்த்தார். விரல் நுனியால் தொட்டு, சுவரோரம் கிடந்த பனை ஓலைத் துண்டில் ஒரு கோடு இழுத்தார். கோடு நன்றாகவே விழுந்தது.

"மாப்ள, இது திங்கதுக்கா, எழுததுக்கா?"

பழம் பொறுக்கிய பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர்களில் வேலம்மை என்கிறவள், ஆய்க்குடிக்காரி, வாயாடி, "கொழும்புல எல்லாரும் இதத்தான் ரொட்டில தடவித் திங்காவளா அண்ணாச்சி?" என்று கேட்டாள். நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன்.

அடுத்து மண்சட்டியில் காய்ச்சினோம். நிறம் நின்றது, ஆனால் இறுகவில்லை. புட்டியைக் கவிழ்த்தால் ரசம் போல ஓடியது. அக்கா கருப்பட்டி போட்டு இஞ்சி தட்டிப் போட்டு ஒரு லேகியம் கிண்டினாள். எனக்குப் பிடித்திருந்தது, வேலம்மைக்குப் பிடித்திருந்தது, சாலையில் போன தபால்காரருக்குக்கூடப் பிடித்திருந்தது. அத்தான் மோந்து பார்த்துவிட்டு, "பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்க மருந்தால்லா இருக்கு" என்று கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். நாலு மிளகாய் கிள்ளிப் போட்டு ஊறுகாய் செய்தோம். அதையும் தள்ளி வைத்தார். அவர் தள்ளி வைக்கிற விதம் ஒன்று உண்டு. சுண்டு விரலால் மட்டும் தள்ளுவார். எனக்கு உள்ளுக்குள் எரிந்தது.

அன்று சாயந்திரம் அக்காவிடம் நேராகவே கேட்டேன். "ஒரு மரத்துக்கு இம்புட்டுப் பாடா? கெணத்துல இனிப்பாத் தண்ணி கெடச்சா ஒனக்கும் நல்லதுதான?"

அக்கா முறத்தில் பழம் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். "இந்தத் தோட்டத்துல வருசம் பூரா நானும் ஒங்க அத்தானும் மட்டுந்தான் தம்பி. அவுக வெள்ளன வயலுக்குப் போனா பொழுது சாஞ்சுதான் வாராக. வீட்டுல பிள்ளையா குட்டியா? இந்த மரம் காய்க்கப்பதான் நாலு பொம்பளைய இங்கன வாராளுவ. பேசுதாளுவ, சிரிக்காளுவ. மரம் போச்சுன்னா அடுத்த சாரலுக்கு யாரு வருவா இங்கன? கெணத்தடியில போயி நான் தண்ணிகிட்டயா பேசுதது?"

ஒரு நாள் சும்மா இருக்கச் சொன்னால் பைத்தியம் பிடித்துவிடும் எனக்கு. அக்கா இத்தனை வருஷம் இந்த வீட்டில் எப்படி இருந்தாள் என்று நான் ஒரு தரம்கூட யோசித்ததில்லை. எழுந்து வாசல் வரை போய், திரும்பி வந்து, மறுபடி போனேன்.

"என்னலே, ஒரு எடத்துல நில்லு. பாக்க எனக்குத் தல சுத்துது" என்றாள்.

அடுத்த நாள் குற்றாலம் போனேன். குளிக்கத்தான் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் வீட்டில் கால் தரிக்கவில்லை. அருவிக்கு முன்னால் ஒரு ஆள் என்னைப் பிடித்து உட்கார வைத்து, தலையிலிருந்து பாதம் வரை எண்ணெய் தேய்த்து அடித்தார். அவர் கைக்கு நான் ஒரு சப்பாத்தி மாவு. நடுவில் எழுந்திருக்கப் பார்த்தேன். "எண்ணெ ஊற வேண்டாமா அண்ணாச்சி? அருவி எங்கயும் ஓடிப் போவாது" என்று தோளைப் பிடித்து அமுக்கினார். ஓடிக்கொண்டே இருக்கிற ஒன்றைக் காட்டி எனக்கு இப்படி ஒரு புத்திமதி! அருவியில் நின்றபோது முதுகில் யாரோ மூட்டை மூட்டையாக அரிசியைக் கொட்டுவது போல இருந்தது. அங்கே மட்டும்தான் நான் கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் நின்றேன்.

திரும்பும்போது சாலையோரத்தில் ஒரு கிழவி நாவல்பழம் விற்றுக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு துரையும் துரைசானியும் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். துரைசானி ஒரு பழத்தைக் கடித்து முகத்தைக் கோணிக்கொண்டு துரையிடம் இங்கிலீஷில் சொன்னது என் காதில் விழுந்தது. "எங்கள் வீட்டுத் தோட்டத்து ப்ளம்ஸ் ஞாபகம் வருகிறது. தின்று தீராமல் மிஞ்சுகிற பழத்தை எல்லாம் அம்மா ஒயினாகப் போட்டுவிடுவாள். வேண்டாம் வேண்டாம் என்பார் அப்பா. பீப்பாயைக் காலி செய்வதும் அப்பாதான்."

நான் அங்கிருந்து ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஒயினா? ஒங்க அத்தான் கள்ளுக்கட வாசல்ல மறியல் பண்ணினவுக. பானைய ஒன் தலையில ஒடைப்பாக."

அப்போது வேலம்மை ஒரு வழி சொன்னாள். "ஒயினுன்னு எதுக்குச் சொல்லுதிய? செங்கோட்டையில ஒரு வைத்தியரு அரிஷ்டம் போடுதாரு. எங்க மாமியாருக்கு வாங்கிக் குடுத்தோம். குடிச்சிட்டு ஒரே பாட்டு! ஆனா அது மருந்துல்லா?"

செங்கோட்டை கூப்பிடு தூரம்தான், ஆனால் திருவாங்கூர் ராஜ்யம். போகிற பஸ் சேற்றில் புதைந்து, ஏறினவர்கள் எல்லாரும் இறங்கித் தள்ளினோம். தள்ளி முடித்ததும் என்னை விட்டுவிட்டு பஸ் போய்விட்டது. மிச்ச தூரத்தை ஒரு வைக்கோல் வண்டியின் உச்சியில் கடந்தேன்.

வைத்தியர் உலகத்தில் தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற தோரணையில் கட்டிலில் சாய்ந்திருந்தார். நாவல் அரிஷ்டம் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்துவிட்டார். பானைக்கு உள்ளே நெய் தடவிப் புகை போட வேண்டும். சாறு, வெல்லம், சுக்கு, ஏலம். பொங்குவதற்குக் காட்டாத்திப் பூ. வாயைத் துணியால் கட்டி மேலே மண் பூச வேண்டும். பானையை நெல்லுக்குள் புதைக்க வேண்டும்.

"ஒரு மாசம் தொடப்படாது, கேட்டோ?"

"திங்கட்கிழமைக்குள்ள வேணும் வைத்தியரே."

அவர் கண்ணைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்தா இது? நீரு நிக்கதே சரியில்லியே. ஒமக்குத்தான் மொதல்ல மருந்து வேணும்" என்று சொல்லி, காட்டாத்திப் பூவோடு நான் கேட்காத ஒரு சூரணத்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்.

திரும்புகையில் எல்லைச் சாவடியில் காவலர் பொட்டலத்தைப் பிரித்தார். காய்ந்த சிவப்புப் பூவைக் கண்டு புகையிலை ஜாதியோ என்று சந்தேகம். ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு மென்றார். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். கையை ஆட்டிப் போகச் சொல்லிவிட்டார்.

அக்காவும் நானும் பானை கட்டினோம். கழுத்து வரை ஊதாச் சாறு. மண் பூசி, கூடத்து மூலையில் இருந்த நெல் குதிருக்குள் புதைத்தோம். மருந்து என்று அத்தானிடம் சொன்னோம். "மருந்துன்னா சரி. நோய் வந்தா குடிக்கேன். இப்ப எனக்கு ஒரு நோயும் இல்ல" என்றார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் பட்ட பாட்டை என் ஆயுளில் நான் பட்டதில்லை. பானை நெல்லுக்குள் இருக்கிறது, சாரல் பெய்கிறது, நான் நடக்கிறேன். குதிரில் காதை வைத்துக் கேட்டேன். சத்தமே இல்லை. சாரல் குளிரில் மனிதனுக்கே போர்வை வேண்டியிருக்கிறது, பானை எப்படிப் பொங்கும்? தென்காசிக் கடைவீதி வரை நடந்தேன். கோயில் கோபுரத்து வாசலில் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டு போயிற்று. அதுவாவது என்னைப் போல ஒன்று என்று ஆறுதலாக இருந்தது. வாழைக்காய் பஜ்ஜி வாங்கி நின்றுகொண்டே தின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். மறுபடி காதை வைத்தேன். சத்தம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, தொழுவத்துக்குப் பக்கத்துக் கொட்டகையில் அத்தான் முளை கட்டியிருந்த விதைநெல்லைப் பார்த்தேன். நெல்லை நனைத்துக் குவித்து, வைக்கோலால் மூடி, மேலே கல் ஏற்றி வைத்திருந்தார். வைக்கோலுக்குள் கையை விட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றுப் பானை மாதிரிச் சூடு! முளைக்கிற நெல்லுக்கு அப்படி ஒரு வெக்கை உண்டு என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்த வெக்கைக்குள் மண் பூசி அடைத்த பானையை வைக்கக்கூடாது என்பதுதான் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அதுவரை யாரும் வைத்ததில்லை. அத்தான் கிணறு பார்க்கப் போன நேரத்தில் பானையைத் தூக்கிவந்து விதைநெல்லின் நடுவில் புதைத்து, வைக்கோலைப் பழையபடி மூடினேன். அக்காவிடம் சொல்லவில்லை. சாயந்திரம் காதை வைத்தபோது உள்ளே நண்டு நடப்பது போலச் சத்தம் கேட்டது. எனக்கு ஒரே கொண்டாட்டம்.

திங்கட்கிழமை விடிந்ததும் ஆசாரி வந்துவிட்டார். கூட இரண்டு ஆள், ஒரு நீள ரம்பம். மரத்தடியிலேயே உட்கார்ந்து அரத்தால் ரம்பத்துக்குக் கூர் வைத்தார்கள். அந்தச் சத்தம் என் பல்லைக் கூச வைத்தது. பழம் பொறுக்க வந்த பெண்கள் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். அன்றைக்கு ஒருத்தியும் சிரிக்கவில்லை. அக்கா வாசல் பக்கமே வரவில்லை.

அத்தான் விதைநெல்லைப் பார்த்துவிட்டு வந்து வேலையைத் தொடங்கலாம் என்று சொல்லிக் கொட்டகைக்குப் போனார்.

போனதுதான் தாமதம், கோயில் வெடி போட்டது போல ஒரு சத்தம். கொட்டகையிலிருந்து வைக்கோல் பறந்தது, கோழிகள் பறந்தன, தொழுவத்து மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. நாங்கள் ஓடிப்போய் வாசலில் நின்று பார்த்தோம். அத்தான் தலையிலிருந்து கால் வரை ஊதா. விதைநெல் முழுக்க ஊதா. பானையின் மேல்பாதி தூள் தூளாகிவிட்டது. அடிப்பாதி மட்டும் ஒரு பெரிய கிண்ணம் போல நெல்லுக்குள் நிலையாக உட்கார்ந்து, நுரைத்துக்கொண்டிருந்தது. அத்தானுடைய வெள்ளை வேட்டியைப் பற்றி நான் இங்கே எழுத விரும்பவில்லை.

"ஒருத்தரும் கிட்ட வரப்படாது!" என்று கத்தினார். "வெத நெல்ல நான் பாத்துக்கிடுதேன். எல்லாவனும் போங்க அங்கன!"

போனோம். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் அரையாள் ஆகிவிட்டேன். மரமும் போயிற்று, விதைநெல்லும் போயிற்று, அக்காளுக்கும் புருஷனுக்கும் நடுவில் நிம்மதியும் போயிற்று. உள்ளே போய் டிரங்குப் பெட்டியை அடுக்க ஆரம்பித்தேன். அன்றைக்கு மத்தியான ரயிலையே பிடித்துவிடுவது என்று முடிவு.

அத்தான் கொட்டகையிலிருந்து வெகுநேரம் வெளியே வரவில்லை. ஆசாரி இரண்டு தரம் வாசல் வரை போய்ப் பார்த்துத் திரும்பினார். கடைசியில் அத்தான் தொட்டித் தண்ணீரில் குளித்து, வேறு வேட்டி கட்டி, நேராக வீட்டுக்குள் வந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. வயலில் வரப்பு ஒரு சாண் கோணினால் அரை நாள் ஏசுகிற மனிதர். விதைநெல்லையே பாழாக்கியவன் எதிரே நிற்கிறேன், வாயைத் திறக்கவில்லை. கோபம் எல்லை தாண்டினால் மனிதன் ஊமையாகிவிடுவான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

"அத்தான், மன்னிச்சிக்கிடுங்க" என்றேன்.

"ம்" என்றார்.

ஆசாரி படிக்குக் கீழே வந்து நின்றார். "அண்ணாச்சி, பொழுது ஏறுது. ரம்பத்த வைக்கலாமா?"

அத்தான் வாயை இறுக்க மூடிக்கொண்டு கையை மட்டும் ஆட்டினார். அந்த ஆட்டலுக்குச் சரி என்றும் அர்த்தம் சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம்.

"வைக்கட்டுமா, வேண்டாமா? வாயத் தெறந்து ஒரு வார்த்த சொல்லுங்க அண்ணாச்சி."

மறுபடியும் கை ஆட்டல்.

சமையல்கட்டு நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்கா மெதுவாக வந்தாள். நாற்காலிக்கு முன்னால் நின்றாள். புருஷன் முகத்தையே பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னங்க" என்றாள் அக்கா. "நாக்க நீட்டுங்க."

அத்தான் அசையவில்லை.

"இந்த வீட்டுக்குள்ள வார எல்லாரும் நீட்டுதாக. மணியக்காரரே நீட்டினாரு. நீட்டுங்க."

ஆசாரி ஒன்றும் புரியாமல் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றார். வாசலில் வேலம்மையும் மற்றப் பெண்களும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். அத்தான் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். பிறகு, பாடம் தெரியாத பையன் கையை நீட்டுவது போல, நாக்கை நீட்டினார்.

அடி முதல் நுனி வரை கரு ஊதா.

அப்புறம் அக்கா சிரித்தாள். மரத்தடியில் பெண்களோடு சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. அதை வீட்டுக்குள் அன்றைக்குத்தான் கேட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தூணில் சாய்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்பினால் மட்டும் வந்தது என்று நான் நினைக்கவில்லை.

"வெத நெல்லுக்குள்ள எறங்கிரப்படாதேன்னுதான் கொஞ்சம் அள்ளிப் பாத்தேன்" என்றார் அத்தான். வாயைத் திறந்துவிட்டார், இனி மூடிப் பயன் இல்லை. "வீணாப் போவுதேன்னு பாத்தேன். மருந்துதான அது?"

நான் கொட்டகைக்கு ஓடினேன். எனக்கும் ஒரு வாய் வேண்டாமா? பானையின் அடிப்பாதி கழுவி வைத்தது போலக் காலியாக இருந்தது. காய்ச்சினவன் நான், ஓடினவன் நான், பஸ் தள்ளினவன் நான். அதன் ருசி என்ன என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

திரும்பி வந்தபோது அத்தான் ஆசாரியிடம் பேசிக்கொண்டிருந்தார். "இலஞ்சிப் பக்கம் ஒரு நாவ மரம் வெலைக்கு இருக்குன்னாவ. அதப் போயிப் பாரும். இது இங்கன நிக்கட்டும்."

விதைநெல்லைக் கழுவி, வேறு வழியில்லாமல் அதையே விதைத்தார்கள். இன்னும் பத்து நாள் தங்கிவிட்டு நான் புறப்படுகிற அன்று நாற்றங்காலைப் போய்ப் பார்த்தோம். மற்றவர்கள் வயலைப் போலவே பச்சைப் பசேல் என்று வந்திருந்தது. "குடிச்ச நெல்லுன்னு பாத்தா தெரியுதா?" என்று அத்தான் என்னிடம் மட்டும் ரகசியமாகக் கேட்டார்.

ஸ்டேஷனுக்குப் போக அதே குதிரை வண்டிதான் வந்தது. பெட்டியை ஏற்றிவிட்டு, நான் ஏறாமலே பக்கத்தில் நடக்க ஆரம்பித்தேன். வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். மரத்தடியில் பெண்கள் குனிந்திருந்தார்கள். அக்கா ஓலைப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, சாலைக்குக் கேட்கிற குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி வேலம்மை, அடுத்த வருசம் வரப்ப ஒன் மதினிமாரையும் கூட்டிட்டு வந்திரு. பான பெருசா ரெண்டு வாங்கி வைக்கேன்."